கயிறு, தெப்பம், அலை, கச்சான் காற்று: தரம் 8, 9 பிள்ளைகளுக்கு வெளிக்கள விஞ்ஞானம் செய்வது எப்படி?

#1 கல்லடிக்கரை

வணக்கம். ஆகஸ்ட் விடுமுறையில் எங்கட விஞ்ஞானக் கழகப் பிள்ளைகள் 30 பேருக்கு இரண்டு நாள் வெளிக்கள முகாம் வைக்க இருக்கிறம். தரம் 8, 9. இடம் மட்டக்களப்பு வாவிக்கரையும் கல்லடிக் கடற்கரையும். கையில் இருப்பது: 20 லீற்றர் பிளாஸ்ரிக் கான் 12, மூங்கில், 12 மில்லிமீற்றர் நைலோன் கயிறு 60 மீற்றர், கிணற்றுக் கப்பி 3, லைஃப் ஜக்கெட் 10.

வழமையாக நடப்பது பிள்ளைகள் ஓடி விளையாடுவதும், பிறகு மர நிழலில் இருத்திப் பாடம் சொல்வதும்தான். அது வேண்டாம். விஞ்ஞானம் தெரியாமல் அந்த விளையாட்டைச் செய்து முடிக்கவே ஏலாது என்ற மாதிரி வேலைகள் வேணும். எது சரிவரும், எங்கே பிழைக்கும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்க.

#2 வலையிறவான்

தெப்பத்திலிருந்து தொடங்குங்க. மேலுதைப்பை (தண்ணீர் பொருளை மேலே தள்ளும் விசையை) இதைவிடத் தெளிவாகக் காட்டும் வேலை வேறில்லை. ஆனால் "கட்டுங்க, மிதக்குதா பாப்பம்" என்று விட்டால் அது குளிப்புத்தான். தண்ணீரில் இறக்குமுன் ஒவ்வொரு குழுவும் தங்கள் தெப்பம் எத்தனை சென்ரிமீற்றர் அமிழும் என்று கணக்கிட்டு, கானின் பக்கத்தில் மார்க்கரால் கோடு கீறி வைக்க வேணும். மறுகாதான் இறக்கலாம்.

கணக்கு இப்படிப் போகும். ஒரு தெப்பத்துக்கு 8 கான். எல்லாம் முழுதாக அமிழ்ந்தால் 160 லீற்றர் தண்ணீரை விலக்கும், ஆகவே தாங்கக்கூடிய உச்சம் 160 கிலோ. இதில் கான்களின் பாரம் 8 கிலோ, மூங்கில் சட்டம் ஏறத்தாழ 25 கிலோ (நெடுக்காக 3 மீற்றர் மூங்கில் 4, குறுக்காக ஒன்றரை மீற்றர் 4. ஊகிக்க விடாதீங்க, தராசில் தூக்கிப் பார்க்கட்டும்). 40 கிலோப் பிள்ளைகள் இருவர் ஏறினால் மொத்தம் 113 கிலோ. 160இல் 113 என்பது ஏறக்குறைய 70 வீதம். கானைப் படுக்கையாகக் கட்டி, அதன் தடிப்பு 24 சென்ரிமீற்றர் என்றால் 17 சென்ரிமீற்றர் அமிழ வேணும். கோடு அங்கே.

இறக்கினால் ஒன்றிரண்டு சென்ரிமீற்றர் விலகும். அந்த விலகலில்தான் பாடம் இருக்கு. 20 லீற்றர் கான் என்று சொல்வது வாய்வரை நிரப்பினால் 20ஐத் தாண்டும், ஒன்றரை லீற்றர் போத்தலால் ஊற்றி எண்ணிப் பார்க்கலாம். கானின் மூலைகள் வளைந்தவை. பிள்ளைகள் நடுவில் இருக்காவிட்டால் ஒரு பக்கக் கோடு தாழும், மறுபக்கம் எழும்பும், அப்போது நாலு மூலையின் சராசரியை எடுக்கச் சொல்லுங்க.

அடுத்த கேள்வி: மூன்றாவது பிள்ளை ஏறலாமா? 153 கிலோ, அதாவது 96 வீதம். மிதக்கும், ஆனால் சிற்றலை ஒன்று வந்தாலே மேற்தட்டில் தண்ணீர் ஏறும். ஏறுவதா இல்லையா என்று பிள்ளைகளே கணக்கைப் பார்த்துத் தீர்மானிக்கட்டும்.

பிழைக்கும் இடங்கள்:

கான்களை நடுவில் ஒதுக்கிக் கட்டினால் தெப்பம் உருளும். எட்டையும் இரண்டு வரிசையாக வெளி ஓரங்களில் கட்ட வேணும். அதே எட்டுக் கான், அதே பாரம், இரண்டு அமைப்பையும் கட்டிப் பார்த்தால் ஈர்வை மையத்துக்கும் சமநிலைக்கும் உள்ள தொடர்பைச் சொல்லிக்கொடுக்கவே தேவையில்லை. எழும்பி நிற்கிற பிள்ளை ஏன் விழுகிறான், குந்தியிருக்கிற பிள்ளை ஏன் விழவில்லை என்பதும் அதோடு வரும்.

நைலோன் கயிறு நனைந்தால் கொஞ்சம் நீளும். கரையில் இறுக்கிய கட்டு தண்ணீருக்குள் தளரும். நார்க்கயிறு ஊறிப் பருத்துக் கட்டை இறுக்கும். மூலைக் கட்டுகளுக்குத் தும்புக் கயிறும், கானின் கைபிடியைச் சட்டத்தோடு சேர்ப்பதற்கு நைலோனும் நல்லது. சதுரக் கட்டு: மூன்று சுற்று, பிறகு இரண்டு மூங்கிலுக்கும் இடையில் குறுக்காக இரண்டு இறுக்குச் சுற்று. பிள்ளைகள் மறப்பது இந்தக் குறுக்குச் சுற்றைத்தான். கட்டு அவிழ்ந்தால் காரணம் பெரும்பாலும் அதுவே.

இனி வெயில். மூடியை இறுக்கிய வெறுங்கானை வெயிலில் விட்டால் உள்ளே காற்றுச் சூடாகி விரியும், மூடி சரியில்லாவிட்டால் கொஞ்சம் வெளியேறும். 50 பாகைக் காற்று 29 பாகைத் தண்ணீருக்குள் வந்தால் கனவளவு 6 வீதத்துக்கு மேல் குறையும். கானின் பக்கங்கள் உள்வாங்கும், மூடிவழியே தண்ணீரும் உறிஞ்சப்படும். அதனால் நிழலில் ஆறவைத்து மூடி, மூடியின் புரிக்குச் சைக்கிள் ரியூப் வாசர் ஒன்று வெட்டிப் போடுங்க. வேணுமென்றே ஒரு கானை வெயிலில் வைத்துத் தண்ணீரில் அமிழ்த்திக் காட்டுவதும் நல்ல பரிசோதனை.

பாதுகாப்பு: ஆழம் பிள்ளையின் இடுப்புக்கு மேல் வேண்டாம். தெப்பத்திலிருந்து கரைக்கு ஒரு கயிறு எப்போதும் கட்டியிருக்க வேணும். லைஃப் ஜக்கெட் 10 என்றால் ஒரு நேரத்தில் தண்ணீருக்குள் 10 பேர்தான், 11 இல்லை. வாவியில் முதலை உண்டு, இடத்தை அந்தப் பக்கத்து மீனவரிடம் கேட்டு அவர் சரி என்றால் மட்டும் தெரிவு செய்யுங்க.

#3 மருதமுனைத்_தாய்

ஒரு கேள்வி. நீந்தத் தெரியாத பிள்ளைகளை என்ன செய்வது? கரையில் நின்று குறிப்பு எழுதும் வேலைதான் அவங்களுக்குக் கிடைக்கும். பொம்பிளைப் பிள்ளைகளுக்கு இது கூடுதலாக நடக்குது.

#4 வலையிறவான்

அப்படி நடக்க விடக்கூடாது, தங்கச்சி. இடுப்பளவு தண்ணீரில் லைஃப் ஜக்கெட் போட்ட பிள்ளைக்கு நீச்சல் தேவையில்லை, தரையில் கால் படும். முதலில் எல்லாரும் ஜக்கெட்டோடு தண்ணீரில் மல்லாந்து மிதக்கட்டும், அதுவே மேலுதைப்பின் முதல் பாடம். மூச்சை நிறைத்தால் உடம்பு எழும்பும், முழுதாக விட்டால் தாழும். எழுதுபவர், கட்டுபவர், அளப்பவர், ஏறுபவர் என்ற நாலு வேலையும் ஒவ்வொரு சுற்றிலும் கைமாற வேணும். ஜக்கெட்டின் கால்வார் இல்லாவிட்டால் சிறிய பிள்ளைகளுக்கு அது தலைக்கு மேலே கழன்று போகும். இடுப்பில் ஒரு பட்டி சுற்றிக் கால்களுக்கிடையே கட்டிவிடுங்க. உடை நீளமாக இருந்தால் முழங்காலுக்குக் கீழே முடிச்சுப் போட வேண்டாம், லெகிங்ஸ் மாதிரி ஒட்டிய உடை நல்லது.

#5 அக்கரைச்_சாரணர்

அக்கரைப்பற்றிலிருந்து. கயிறு 60 மீற்றர் இருக்கு என்கிறீங்க, அதை வைத்து முதல் வேலையாகக் குரங்குப் பாலம் (கயிற்றில் கால் வைத்துக் கடக்கும் பாலம்) கட்டத்தான் எல்லாருக்கும் ஆசை வரும். அதற்கு முன் இந்த ஒரு பரிசோதனையைச் செய்தே ஆக வேணும்.

6 மீற்றர் இடைவெளியில் இரண்டு மரம். இடையே ஒரு கயிறு, ஒரு நுனியில் பயணப்பை தூக்கிப் பார்க்கிற டிஜிற்றல் தராசு (50 கிலோ வரை காட்டும்). கயிற்றின் நடுவில் 10 லீற்றர் தண்ணீர்க் கான். இப்போது கயிற்றை இழுத்து இழுத்துத் தொய்வைக் குறைக்க வேணும். தராசு காட்டுவது ஏறத்தாழ இப்படி இருக்கும்: தொய்வு ஒன்றரை மீற்றர் என்றால் 11 கிலோ. ஒரு மீற்றர் என்றால் 16. அரை மீற்றர் என்றால் 30. 40 சென்ரிமீற்றரில் 38. 30 சென்ரிமீற்றரில் 50, அதோடு நிறுத்திவிடுங்க, தராசு போய்விடும்.

தொங்குவது அதே 10 கிலோ. கயிறு நேராக வர வர இழுவை ஏறிக்கொண்டே போகிறது. "கயிறு முழுக்க நேராக வருமட்டும் இழுங்க" என்று ஒரு குழுவிடம் சொல்லுங்க. எத்தனை பேர் சேர்ந்து இழுத்தாலும் வராது. ஏன் வராது என்று அவர்களே கேட்பார்கள், விசை முக்கோணத்தை அந்த நேரம் மணலில் கீறிக் காட்டலாம்.

இதையே 40 கிலோப் பிள்ளைக்குப் போட்டுப் பாருங்க. 6 மீற்றர்ப் பாலத்தில் தொய்வு 30 சென்ரிமீற்றர் என்றால் கயிற்றில் 200 கிலோ. பிள்ளை துள்ளினால் அதற்கும் மேலே. முடிச்சுப் போட்ட இடத்தில் கயிற்றின் பலம் மூன்றிலொரு பங்குக்கு மேல் குறையலாம். வெயிலில் கிடந்த பிளாஸ்ரிக் கயிறு என்றால் இன்னும் மோசம். கையால் தேய்த்தால் தூள் கொட்டினால் அதைப் பாலத்துக்கு எடுக்கவே வேண்டாம். ஆகவே பாலத்துக்குத் தொய்வு வேணும். 6 மீற்றருக்கு முக்கால் மீற்றர் விட்டால் பயமில்லை. பிள்ளை நடுவில் நிற்கும்போது அந்த இடத்துக் கயிறு மணலிலிருந்து முழங்கால் உயரத்துக்கு மேல் போகக்கூடாது.

மரம் இல்லாத கடற்கரையில் கட்டையை நேராக அறைந்து கட்டினால் மணல் பிடிக்காது, சரிந்து வரும். ஒரு மீற்றர் நீளக் கட்டையைக் கயிறு இழுக்கும் திசைக்குக் குறுக்காகப் படுக்க வைத்து, 60 சென்ரிமீற்றர் ஆழத்தில் புதைத்து, நடுவில் கயிற்றைக் கட்டுங்க. ஈர மணல் என்றால் அசையாது. மரத்தில் கட்டும்போதும் தேவைக்கு மேல் உயரக் கட்டாதீங்க, தாழக் கட்டினால் மரத்தைச் சாய்க்கும் திருப்பம் குறைவு.

#6 கரைவலைக்காரன்

அக்கரை நானா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். பிள்ளைகள் வாய் பிளக்கும் பரிசோதனை இதுதான். கிடையாக ஒரு இரும்புக் குழாய் அல்லது வழுவழுப்பான மரக்கம்பு, நெஞ்சு உயரத்தில் இறுகக் கட்டியது. கயிற்றின் ஒரு நுனியில் 10 லீற்றர்க் கான். கயிற்றைக் குழாய்க்கு மேலால் போட்டு மறு நுனியைத் தராசில் பிடிக்க வேணும். இது அரைச் சுற்று. கான் மெல்ல மெல்லக் கீழே வழுக்கும் அளவுக்குத் தளர்த்தி, அந்த நேரத்து வாசிப்பை எடுங்க. 4 கிலோ என்று வைப்போம். 10 கிலோவை 4 கிலோ தாங்குகிறது, அதாவது இரண்டரை மடங்கு.

இப்போது ஒன்றரைச் சுற்றுப் போட்டால் என்ன வரும் என்று கேளுங்க. எல்லாரும் "மூன்று அரைச் சுற்று, ஆகவே ஏழரை மடங்கு" என்பார்கள். வருவது இரண்டரை தர இரண்டரை தர இரண்டரை, பதினைந்தரைக்கும் மேல். 650 கிராம் விசை போதும், ஒரு விரல். இரண்டரைச் சுற்றில் தராசு எதுவும் காட்டாது. கூட்டலால் வளராமல் பெருக்கலால் வளரும் ஒன்றைப் பிள்ளைகள் கையால் தொட்டு அறிவது இதில்தான். அடுக்குக்குறி படிப்பிக்கிற ஆசிரியர்களும் வந்து பாருங்க.

கவனம் ஒன்று: சுற்றுகள் ஒன்றன் மேலொன்று ஏறினால் கயிறு தன்னைத்தானே பூட்டிக்கொள்ளும், கணக்குப் பொய்யாகும். பக்கம் பக்கமாகச் சுற்ற வேணும். கானை மேலே தூக்க முயன்றால் உராய்வு எதிர்ப்பக்கம் வேலை செய்யும், அப்போது கூடுதலாக இழுக்க வேண்டி வரும். அதையும் அளந்து பார்க்கட்டும். காய்ந்த கயிறு, ஈரக் கயிறு இரண்டுக்கும் வாசிப்பு மாறும். நைலோன் என்றால் ஒன்று, தும்பு என்றால் இன்னொன்று. தோணியைக் கரையில் கட்டுகிறவர் முடிச்சுப் போடுமுன் கம்பத்தில் இரண்டு சுற்று விடுவதைப் பார்த்த பிள்ளைக்கு இது உடனே விளங்கும்.

கிணற்றுக் கப்பி மூன்றையும் கோத்து 3 மடங்குத் தூக்கி செய்யலாம். கணக்குப்படி 30 கிலோவை 10 கிலோ தூக்க வேணும். உண்மையில் 14, 15 போகும், கப்பியின் அச்சு துருப்பிடித்திருக்கும். கிறீஸ் போட்டு மறுபடி அளந்தால் திறன் எத்தனை வீதம் கூடியது என்பது கையிலேயே வந்துவிடும். 3 மீற்றர் கயிறு இழுத்தால் பாரம் 1 மீற்றர்தான் ஏறும் என்பதைக் கயிற்றில் கலர் ரேப் ஒட்டிக் காட்டுங்க.

#7 பொத்துவில்_அலை

கடற்கரைப் பகுதி யாரும் தொடவில்லை, நான் எழுதுகிறேன்.

கடலில் பிள்ளை கால் வைக்குமுன் 20 நிமிடம் கரையில் இருந்து பார்க்க வேணும். அந்த நேரத்தில் மூன்று விடயம் அளக்கலாம்.

முதலாவது, ஆவர்த்தன காலம். உடையும் இடத்தில் ஒரு அலை உடைந்ததும் பூச்சியம் என்று எண்ணத் தொடங்கி, பத்தாவது அலை உடையும்வரை நேரம் எடுத்து 10ஆல் வகுக்க வேணும். "ஒன்று" என்று தொடங்கினால் ஒன்பது இடைவெளிதான் கிடைக்கும், பாதிப் பிள்ளைகள் இதில் பிழைப்பார்கள். அறுகம்பேயில் மே முதல் ஒக்ரோபர் வரை தெற்கிலிருந்து வரும் நெட்டலைக்கு 10 வினாடிக்கு மேல் இருக்கும். வாடைக்காலத்தில் கிட்ட வீசும் காற்றால் எழும் அலை குறுகியது, அடிக்கடி வரும். 12 வினாடி அலை என்றால் ஆழ்கடலில் அதன் நீளம் 225 மீற்றர் (காலத்தின் வர்க்கத்தை 1.56ஆல் பெருக்கினால் வரும்). காற்றே இல்லாத காலையில் இவ்வளவு பெரிய அலை எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கு அந்த எண்ணே விடை தொடங்கிவைக்கும்: வெகுதூரத்துப் புயலில் பிறந்த அலை அது.

இரண்டாவது, ஆழம். அலை தன் உயரத்தைப் போல ஏறத்தாழ 1.3 மடங்கு ஆழத்துக்கு வரும்போது உடையும். ஒரு மீற்றர் அலை உடைகிற இடத்தில் ஆழம் 1.3 மீற்றர், தரம் 8 பிள்ளைக்கு அது கழுத்தளவு. கரையில் நின்றபடியே கடலின் ஆழத்தை வாசிக்க இது போதும். வரிசையாக அலைகள் உடையும் வெள்ளைக் கோடு ஒரு இடத்தில் மட்டும் அறுந்து, தண்ணீர் கறுத்து, அமைதியாகத் தெரிந்தால் அங்கே ஆழம் கூடுதல்.

மூன்றாவது அந்த அமைதியான இடந்தான். அது இழுநீர். கரைக்கு வந்து குவிந்த தண்ணீர் அந்த வாய்க்கால்வழியே திரும்பிக் கடலுக்குப் போகிறது. பிள்ளை அதைத்தான் குளிக்க நல்ல இடம் என்று நினைக்கும். தென்னைமரத்தடியில் கொட்டிக்கிடக்கும் குரும்பை பத்தை எடுத்து, கரையோரம் 10 மீற்றருக்கு ஒன்றாக வீசச் சொல்லுங்க. எட்டு கரைக்கே திரும்பி வரும். ஒன்றிரண்டு நேரே கடலுக்குள் போகும். 20 மீற்றர் போக எத்தனை வினாடி என்று அளந்தால் வேகம் கிடைக்கும். பலத்த இழுநீர் வினாடிக்கு 2 மீற்றர் வரை போகும், அதை எதிர்த்து ஒலிம்பிக் நீச்சல்காரராலும் நெடுநேரம் நீந்த ஏலாது. எதிர்க்காமல் மிதந்து, கரைக்குச் சமாந்தரமாகப் பக்கவாட்டில் வெளியேறி, பிறகு கரைக்கு வர வேணும். குரும்பை போன பாதையை மணலில் வரைந்து, தப்பும் வழியையும் அதிலேயே கீறச் சொல்லுங்க.

பிள்ளைகள் கடலில் இறங்குவதென்றால் கல்லடியில் கணுக்காலளவு. முழுதாக இறக்க விரும்பினால் பாசிக்குடாவுக்குக் கூட்டிப் போங்க, அங்கே தூரத்துக்கு ஆழமில்லை. வாடைக்காலத்தில் எங்கேயும் வேண்டாம்.

#8 கல்லடிக்கரை

அருமை. சுனாமியையும் இதோடு சேர்க்கலாமா? இங்கே பல வீடுகளில் இழப்பு இருக்கு, எப்படிப் பேசுவது என்றுதான் தயக்கம்.

#9 பொத்துவில்_அலை

சேர்க்க வேணும், சேர். அழிவின் படம் எதையும் காட்ட வேண்டாம், யார் வீட்டில் என்ன நடந்தது என்று கேட்கவும் வேண்டாம். அலையின் வேகத்தை மட்டும் எடுங்க. ஆழத்தை 9.8ஆல் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் நீண்ட அலையின் வேகம் வரும். 4000 மீற்றர் ஆழத்தில் வினாடிக்கு 198 மீற்றர், அதாவது மணிக்கு 700 கிலோமீற்றருக்கு மேல். அதனால்தான் 2004 டிசம்பர் 26 சுமாத்திராவில் நிலம் அதிர்ந்து ஏறத்தாழ 2 மணித்தியாலத்தில் எங்கட கரைக்கு வந்தது. 10 மீற்றர் ஆழத்துக்கு வரும்போது வினாடிக்கு 10 மீற்றர். முன்பகுதி வேகம் குறைய, பின்பகுதி வேகமாக வந்து நெருங்கும், அதனால் உயரம் கூடும்.

இப்போது மணலில் 50 மீற்றர் அளந்து ஒவ்வொரு பிள்ளையும் ஓடட்டும். மணலில் வினாடிக்கு 5 மீற்றர் எடுப்பதே கஷ்டம். அலையைக் கண்ட பிறகு ஓடித் தப்ப ஏலாது என்று யாரும் சொல்லத் தேவையில்லை, இரண்டு எண்ணும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். பிறகு கடற்கரையிலிருந்து பக்கத்து மாடிக்கட்டடத்துக்கோ உள்நாட்டு மேட்டுக்கோ முழுக் குழுவும் நடந்து நேரம் எடுக்கட்டும், மிகச் சின்னப் பிள்ளையின் வேகத்தில். நிலம் நெடுநேரம் அதிர்ந்தாலோ கடல் வழமைக்கு மாறாக உள்வாங்கினாலோ அறிவிப்புக்குக் காத்திருக்காமல் அந்த நடையைத் தொடங்க வேணும். இந்தப் பயிற்சி பிள்ளைக்குப் பயத்தைக் கூட்டாது, என்ன செய்வது என்று தெரிந்த தைரியத்தைக் கொடுக்கும்.

#10 வாவிக்காற்று

ஆகஸ்ட் என்றபடியால் இரண்டு விடயம்.

திசை கண்டுபிடிக்கும் விளையாட்டு வைத்தால் "மதிய நிழல் வடக்கைக் காட்டும்" என்று பொதுவாக எழுதியிருப்பதை அப்படியே எடுக்காதீங்க. மட்டக்களப்பு 7.7 பாகை வடக்கில் இருக்கு. ஏப்ரல் 9, 10 அளவிலிருந்து செப்டெம்பர் 2, 3 அளவுவரை நண்பகல் சூரியன் எங்களுக்கு வடக்கே நிற்கும், நிழல் தெற்கே விழும். ஆகஸ்ட் 10 அளவில் ஒரு மீற்றர்க் கம்பின் நிழல் 12.08 மணியளவில் மிகக் குறுகி, 14 சென்ரிமீற்றர் நீளத்தில் தெற்கைக் காட்டும். கம்பு செங்குத்தா என்று நூலில் கல் கட்டிப் பார்க்க வேணும், ஒரு பாகை சரிந்தாலே ஒன்றே முக்கால் சென்ரிமீற்றர் பிழை. மணிக்கூட்டு முள்ளைச் சூரியனுக்குக் காட்டித் திசை அறியும் முறை குளிர்நாடுகளுக்கு உரியது. இங்கே சூரியன் உச்சிக்குக் கிட்டப் போவதால் அது பெரும் பிழை காட்டும். திசைகாட்டியோடு ஒப்பிட்டுப் பிள்ளைகளே அதைக் கண்டுபிடிக்கட்டும்.

மற்றது கச்சான். பின்னேரம் மேற்கிலிருந்து அனலாக அடிக்கிற காற்று. மலைநாட்டின் மேற்குச் சரிவில் 27 பாகையில் ஏறும் காற்று, முகில் கட்டுமட்டும் முதல் 500 மீற்றரில் 5 பாகை இழக்கும். அதன்பின் மழை பெய்தபடி 1500 மீற்றர் ஏறும்போது கிலோமீற்றருக்கு 6 பாகைதான் குறையும், மொத்தம் 9. உச்சியில் 13 பாகை. எங்கட பக்கம் காய்ந்தபடி 2000 மீற்றர் இறங்கும்போது கிலோமீற்றருக்கு 10 பாகை ஏறி 33 ஆகும். அதே காற்று 6 பாகை கூடி வருகிறது. இரண்டு வெப்பமானியை ஒரு பலகையில் கட்டி, ஒன்றின் குமிழில் ஈரப் பருத்தித் துணி சுற்றி, கயிற்றில் ஒரு நிமிடம் சுழற்றிப் பாருங்க (கண்ணாடி வெப்பமானி என்றால் சுழற்றாமல் விசிறுங்க, உடையும்). காலைக் கடற்காற்றில் இரண்டுக்கும் வித்தியாசம் சிறிது. கச்சானில் நன்றாக விரியும். வியர்வை ஏன் தெரியாமலே காய்கிறது, பிள்ளை தாகம் உணருமுன்னே ஏன் வாடுகிறது என்பதற்கு அந்த வித்தியாசமே காரணம். கயிற்று வேலை காலை 6.30 முதல் 10 வரை, தண்ணீர் வேலை பின்னேரம் 4க்குப் பிறகு. இடையில் நிழலில் கணக்கு.

#11 பாடுமீன்

துடுப்பை மறந்துவிட்டீங்க. மரத் துடுப்பின் அலகைத் தண்ணீருக்குள் விட்டு, கைபிடி நுனியைக் காதோடு வைத்தால் நீருக்கடி ஒலி கேட்கும். கல்லடிப் பாலத்தடியில் நிலவு இரவில் மீன் பாடுவதைக் கேட்க எங்கட ஆட்கள் செய்த முறை அதுதான், எந்த உயிர் அந்த ஒலியை எழுப்புகிறது என்பது இன்றும் விவாதத்தில் உள்ள கேள்வி. நீரிலிருந்து காற்றுக்கு ஒலி மிகச் சிறிதளவே கடக்கும், பெரும்பகுதி மேற்பரப்பிலேயே திரும்பிவிடும். மரம் அந்த இடைவெளிக்குப் பாலம்.

பரிசோதனை: 100 மீற்றர் தள்ளி, பாதி நீரில் அமிழ்ந்த இரும்புக் குழாயை ஒருவர் சுத்தியலால் ஒரு தரம் தட்ட வேணும். கேட்பவர் ஒரு காதைத் துடுப்பில் வைத்து, மறு காதைத் திறந்திருக்கட்டும். தண்ணீர்வழி ஒலி 0.07 வினாடியில் வரும், காற்றுவழி 0.29 வினாடியில். இரண்டு தட்டு கேட்கும். 30 மீற்றரில் செய்தால் இரண்டும் ஒட்டிவிடும், அதுதான் பொதுவாக நடக்கும் பிழை. இயந்திர வள்ளம் ஓடாத விடியற்காலை வேணும். இதற்கு யாரும் தண்ணீரில் இறங்கத் தேவையில்லை, இறங்குதுறையே போதும்.

#12 தரம்8_ரீச்சர்

எல்லாம் நல்ல வேலைகள், ஆனால் இரண்டு நாளில் இத்தனையும் செய்ய ஏலாது. செய்தால் பிள்ளைக்கு ஒன்றும் நிற்காது. என் தெரிவு: முதல் நாள் காலை தொய்வும் சுற்றுக் கயிறும், பின்னேரம் தெப்பம். இரண்டாம் நாள் விடியத் துடுப்பு, பிறகு அலையும் குரும்பையும், நண்பகலில் நிழற்கம்பு. கச்சான் வீசினால் எடுங்க, வீசாவிட்டால் விடுங்க. குரங்குப் பாலம் கட்டாவிட்டாலும் குறையில்லை.

எழுத்து வேலை ஒரு பரிசோதனைக்கு ஒரு அட்டைதான். மூன்று வரி: என்ன வரும் என்று நினைக்கிறோம் (எண்ணும் அலகும்), என்ன வந்தது, வித்தியாசத்துக்குக் காரணம் என்ன. முதல் வரி எழுதாத குழுவுக்குச் சாமான் கொடுக்க வேண்டாம்.

#13 அக்கரைச்_சாரணர்

அதில் எனக்கு உடன்பாடில்லை, ரீச்சர். சாமானைத் தொட்டுப் பார்க்காத பிள்ளை எழுதும் எண் வெறும் ஊகம். முதல் ஐந்து நிமிடம் கயிற்றைப் பிடித்து இழுக்கட்டும், குழாயில் சுற்றிப் பார்க்கட்டும். கை உணர்ந்த பிறகு எழுதும் எண்ணுக்குத்தான் பெறுமதி.

#14 தரம்8_ரீச்சர்

தொய்வுக்கும் சுற்றுக்கும் ஏற்றுக்கொள்கிறேன், அங்கே கை முதலில் போகலாம். தெப்பத்துக்கு இல்லை. அதில் ஒரு தரம் மிதக்கவிட்டுப் பார்த்துவிட்டால் கோடு கீற ஒருவருக்கும் மனம் வராது. குழுவுக்கு ஆறு பேர், ஐந்து குழு. தெப்பம் ஒன்றுதான் கட்டலாம், கான் 12இல் எட்டுப் போனால் மீதி நாலு. அதனால் ஐந்து குழுவும் ஒரே தெப்பத்துக்குத் தனித்தனியாகக் கணக்கிட்டு, ஐந்து நிறத்தில் கோடு கீறட்டும். எந்தக் கோட்டில் தண்ணீர் நிற்கும் என்று 30 பேரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். மீதி நாலு கானில் ஒன்று வெயில் பரிசோதனைக்கு, இரண்டு கயிற்று வேலைக்கு, ஒன்று கை கழுவ.

#15 கல்லடிக்கரை

எல்லாருக்கும் நன்றி. அட்டவணையை ரீச்சர் சொன்ன மாதிரியே வைக்கிறம், கயிற்றுக்கு மட்டும் அக்கரை நானாவின் ஐந்து நிமிடம். தராசு இரண்டு வாங்குகிறம். சரியாகக் காட்டுதா என்று எப்படிப் பார்ப்பது?

#16 கரைவலைக்காரன்

ஒன்றரை லீற்றர் போத்தலில் கழுத்தடிவரை கிணற்றுத் தண்ணீர் ஊற்றினால் போத்தலோடு ஒன்றரைக் கிலோவுக்குச் சற்று மேல். அப்படி ஆறு போத்தலை ஒரு உரப்பையில் போட்டுத் தூக்குங்க, 9 கிலோவுக்குக் கொஞ்சம் கூடக் காட்ட வேணும். இரண்டு தராசையும் ஒன்றில் ஒன்று கொளுவி இழுத்தால் இரண்டும் ஒரே எண்ணைக் காட்ட வேணும். அது நியூற்றனின் மூன்றாம் விதிக்கும் ஒரு பரிசோதனை. இந்தத் தராசுகள் வாசிப்பு அசையாமல் நின்றதும் எண்ணைப் பூட்டிவைக்கும், வழுக்கும் கயிற்றில் அளக்கும்போது பழைய எண்ணை வாசித்து ஏமாறாமல் ஒவ்வொரு முறையும் அணைத்துப் போடுங்க.

முகாம் முடிந்ததும் கயிறு, கப்பி, தராசுக் கொளுக்கி எல்லாவற்றையும் நல்ல தண்ணீரில் அலசுங்க. உப்பு காய்ந்து பளிங்கானால் கயிற்று நாரை உள்ளே அறுக்கும். கயிற்றை நிழலில் உலர்த்திச் சுருட்டி, எந்த ஆண்டு வாங்கியது என்று ஒரு துண்டில் எழுதிக் கட்டிவையுங்க.